ஒன்றுமில்லை என்பது விடையாகுமா?

இருபது வயதுப் பிள்ளை தடிமன் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கின்றோம். தலையிடி என்றால் தைலம் தேடுகின்றோம். அதே பிள்ளை, ‘நெஞ்சு நோகிறது, மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது’ என்று சொல்லுமாயின் வீடு முழுவதும் ஒரு கணம் பேச்சற்று நிற்கின்றது. ஏனைய உறுப்புகள் பழுதுற்றால் வாழ்வு குறையும். இருதயம் ஓய்ந்தால் வாழ்வே ஓயும் என்பதை எழுத்தறியாதாரும் அறிவர். அதனாலேயே அதன் பொருட்டு மாந்தர்க்கு அத்துணை அச்சம்.

அச்சத்தோடு வைத்தியசாலைக்கு ஓடுகின்றோம். அங்கே ஈ.சீ.ஜீ. என்று யாவரும் வழங்கும் இதய மின்வரைவு எடுக்கின்றார்கள், குருதியைச் சோதிக்கின்றார்கள், நெஞ்சைப் படம் பிடிக்கின்றார்கள். ஈற்றில் வைத்தியர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்’ என்று கூறி அனுப்பிவிடுகின்றார். பெற்றோர்க்கு வயிற்றிலே பால் வார்த்தாற் போன்ற ஆறுதல். ஆனால், நான்கு நாள் கழியுமுன் ஒரு நள்ளிரவிலே பிள்ளை வியர்த்து விறுவிறுத்து மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொள்கின்றது. இல்லையென்று சொல்லப்பட்ட அதுவே திரும்பி வந்துவிட்டது.

இதன் பின்னர் வீடுகளிலே நடப்பனவற்றை ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ‘வாய்வு’ என்பார் ஒருவர். ‘கண்ணூறு’ என்பார் மற்றொருவர். ‘படிக்கக் கள்ளம், நடிக்கிறான்’ என்பார் வேறொருவர். பிள்ளையோ, ‘என்னுள்ளே ஏதோவொரு நோய் இருக்கின்றது, அதனை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஒருநாள் திடீரென்று இறக்கப்போகின்றேன்’ என்று எண்ணியெண்ணி மெலிகின்றது. பந்தடிக்கப் போவது நிற்கின்றது; சன நெருக்கமான பஸ்ஸில் ஏறுவது நிற்கின்றது; ஈற்றில் வகுப்புக்குப் போவதும் நின்றுவிடுகின்றது.

இருதய நோய் இல்லை என்பது வேறு. ஒன்றுமே இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதனாலே விளையும் இடர்கள் பல. இந்த வேறுபாட்டை வைத்திய உலகமே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றை முதலில் நோக்குவோம்.

போர்வீரரின் நெஞ்சு

1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை ஐக்கிய அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் நடந்தது. அக்காலத்திலே பிலடெல்பியா நகரில் வைத்தியம் புரிந்துவந்த ஜேக்கப் டா கொஸ்தா என்பாரிடம் இளம் போர்வீரர் பலர் அனுப்பப்பட்டனர். அவர்கள் குண்டடி பட்டவரல்லர். நெஞ்சு நோகின்றது, சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குகின்றது, படுத்தாலும் நெஞ்சு ஓயாது அடிக்கின்றது, தலை சுற்றுகின்றது என்பனவே அவர்களுடைய முறைப்பாடுகள். காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டு எழும்பிய பின், ஓய்வின்றி நெடுந்தூரம் நடக்க நேர்ந்தவர்கள் அவருட் பலர். காதிலே குழாயை வைத்துக் கேட்டால் இருதய வால்வுகளிலே பழுது எதுவும் புலப்படவில்லை. 300க்கு மேற்பட்ட இத்தகையோரை ஆராய்ந்து 1871இல் டா கொஸ்தா ஒரு கட்டுரை வெளியிட்டார். எளிதிற் கலவரமடையும் இருதயம் என்ற கருத்துப்பட அதற்கொரு பெயரும் இட்டார். உறுப்பு பழுதுபடாமலே அதன் தொழில் நிலைகுலையலாம் என்பது அவர் கண்ட முடிபு.

பிரித்தானியப் படையிலும் இதே நோய் காணப்பட்டது. இறுக்கமான சீருடையும் நெஞ்சைக் குறுக்கே கட்டும் வார்களுமே அதற்குக் காரணம் என்று 1870இல் ஆதர் மையர்ஸ் என்னும் படை வைத்தியர் எழுதினார். சீருடை தளர்ந்தது, நோய் தளரவில்லை.

முதலாம் உலகப் போரிலே ஆயிரக்கணக்கான பிரித்தானிய இளைஞர் ‘இருதய நோயாளர்’ என்று எழுதப்பட்டுப் போர்முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடத்துவதே அவர்களுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை. தோமஸ் லூயிஸ் என்னும் வைத்திய அறிஞர் அவர்களை நுணுகி ஆராய்ந்து, மிகப் பலருக்கு இருதயத்திலே உறுப்பு நோய் இல்லை என்று காட்டினார். அவர் செய்த மாற்றம் யாதெனின், படுக்கையினின்றும் எழுப்பியதேயாம். சிறிது சிறிதாக ஏற்றிய உடற்பயிற்சியினாலே எவரெவர் எவ்வளவு தாங்குவர் என்று அளந்தார்; பலரைப் பணிக்கு மீட்டார். ஓய்வு மருந்தாகும் இடமும் உண்டு. ஓய்வே நோயை வளர்க்கும் இடமும் உண்டு என்பது அன்று விளங்கிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே இவ்விடயத்தை மேலும் தெளிவாக்கியவர் போல் வூட். எமது வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று: இவர் 1907இல் நீலகிரி மலையிலுள்ள குன்னூரிலே பிறந்தவர். பிற்காலத்தில் இலண்டனில் உலகப் புகழ்பெற்ற இருதய வைத்தியராக விளங்கினார். 1941இல் அவர் ஆற்றிய விரிவுரைகளிலே, இவ்விளைஞரின் உடற் குறிகள் அச்சத்தின்போது எவர்க்கும் தோன்றும் குறிகளையே ஒத்தன என்று எடுத்துக்காட்டினார். அக்குறிகளை இருதயத்தின் பிழையென்று தவறாகப் பொருள் கொள்வதனாலே அச்சம் மிகுகின்றது. அச்சம் மிகுவதனாலே குறிகள் மிகுகின்றன. செக்கு மாடு சுற்றி வருவது போன்று இவை ஒன்றையொன்று தொடர்கின்றன. சில வேளைகளிலே வைத்தியர் கவலையின்றிச் சொல்லும் ஒரு சொல்லே இந்தத் தவறான எண்ணத்தை ஊன்றிவிடுகின்றது என்றும் அவர் எச்சரித்தார்.

இத்தகையோர் பின்னர் என்னவாகின்றனர்? இவ்வினாவிற்கு 1950இல் ஒரு நல்ல விடை கிடைத்தது. பொஸ்டன் நகரத்து இருதய வைத்தியர் போல் டட்லி வைற் என்பாரும் அவருடன் சேர்ந்தோரும் இத்தகைய நோயாளர் 173 பேரை 20 ஆண்டுகளின் பின்னர் தேடி ஆராய்ந்தனர். அவர்கள் ஏனையோரைவிட அதிகமாக இறக்கவில்லை. இருதய நோயும் அவர்களை அதிகமாகப் பற்றவில்லை. இது மிக்க ஆறுதலான செய்தி. ஆனால், அவருட் பலர் 20 ஆண்டுகளின் பின்னரும் அதே படபடப்போடும் மூச்சுமுட்டலோடும் வாழ்ந்துகொண்டிருந்தனர். உயிரைக் கொல்லாத நோய், தானாக விட்டுப்போகும் நோய் அன்று என்பதையும் அவ்வாராய்ச்சி காட்டிற்று.

1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன்னுடைய கைந்நூலின் மூன்றாம் பதிப்பிலே பீதி நோய் என்பதைத் தனி நோயாக வகுத்தது. டா கொஸ்தா கண்ட இளைஞருட் பலருக்கு இக்காலத்தில் அப்பெயரே வழங்கப்படும். வேறு சிலருக்கு வேறு பெயர்கள் பொருந்தும். எவ்வாறாயினும் அந்நோய்க்கு இன்று பெயருண்டு; சிகிச்சையும் உண்டு. ‘ஒன்றுமில்லை’ என்று அதனை ஒதுக்குதல் இனியும் பொருந்தாது.

உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்

நிற்க. கதையின் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. இப்போது கூறிய அதே போல் வைற்றிடம் 1928இல், 35 வயதுடைய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்தார். கட்டான உடலினர், பார்ப்பதற்கு எந்நோயும் இல்லாதவர். இடையிடையே நெஞ்சு கட்டுக்கடங்காது அடிக்கின்றது என்பதே அவர் முறைப்பாடு. அவருடைய மின்வரைவிலே வழக்கத்திற்கு மாறான ஒரு சிறு வடிவம் காணப்பட்டது. லூயிஸ் வொல்வ், ஜோன் பாக்கின்சன் என்னும் இருவரோடு சேர்ந்து, அவ்வாறான 11 பேரைப் பற்றி வைற் 1930இல் எழுதினார். இம்மூவர் பெயராலேயே அந்நிலை இன்றும் வழங்குகின்றது.

இருதயம் என்பது மின்னாற் பணிகொள்ளப்படும் ஒரு தசை. மேலறையிலே பிறக்கும் மின்துடிப்பு ஒரே பாதையால் கீழறைக்கு இறங்கவேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே மேலதிகமாக ஒரு பாதை அமைந்துவிடுகின்றது. இறங்கிய மின்துடிப்பு அவ்வழியே மேலேறி, மீண்டும் இறங்கி, வட்டமிடத் தொடங்கினால் இருதயம் நிமிடத்திற்கு 180, 200 என்று ஓடும். 1968இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலே அறுவைச் சிகிச்சையால் இத்தகைய பாதையொன்று முதன்முறை வெற்றியாக வெட்டப்பட்டது. 1980களின் பிற்பகுதி தொடக்கம் நெஞ்சைத் திறவாமலே, தொடைக் குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி அப்பாதையைச் சுட்டு மூடுகின்றார்கள்.

ஒரே வைத்தியர் இவ்விரு பாடங்களையும் உலகிற்குக் கற்பித்தார் என்பது நோக்கற்பாலது. இருதயம் செம்மையாயிருந்தும் நெஞ்சு அடிப்பவர் உளர். பார்வைக்குச் செம்மையாயிருந்தும் இருதயத்திலே பிழையுள்ளவரும் உளர். இரு சாராரும் சொல்லும் சொற்கள் ஒன்றே. அவரைப் பிரித்தறிவதற்குப் பொறுமையான விசாரணை வேண்டும்.

இரு பிள்ளைகள்

எம் அனுபவத்தில் அறிந்த இருவரை ஈண்டுக் குறிப்பிடுவோம். ஒருவன் எம்மிடம் கற்ற மாணவன். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றவிருந்த வேளையிலே இராக் காலங்களில் நெஞ்சு இறுகி, விரல்கள் விறைத்து, உயிர் போவது போன்ற நிலை அவனுக்கு வரத் தொடங்கிற்று. மூன்று முறை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். மூன்று முறையும், ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு திரும்பினான். மூன்றாம் முறை, ‘சும்மா வந்து எங்கள் நேரத்தை வீணாக்காதே’ என்ற ஏச்சும் கேட்டான். பின்னர் முதிய வைத்தியர் ஒருவர் அவனை அரை மணிநேரம் பேசவிட்டுக் கேட்டார். அதன்பின் தம் முன்னிலையிலே இரண்டு நிமிடம் விரைந்து ஆழமாக மூச்செடுக்கச் சொன்னார். விரல் விறைப்பும் நெஞ்சிறுக்கமும் அப்படியே வந்தன. ‘நான் சொல்லி உன் மூச்சு இதைச் செய்தது. இரவிலே உன் பயம் சொல்லி உன் மூச்சு இதைச் செய்கின்றது. இது பொய்யுமல்ல, இருதய நோயுமல்ல’ என்றார் அவர். பையன் அழுதுவிட்டான். ஒருவர் தன்னை நம்பினார் என்பதே அவ்வழுகைக்குக் காரணம் என்று பின்னர் எம்மிடம் கூறினான். உளமருத்துவ நிபுணரிடம் சில மாதம் சென்றான், பரீட்சையும் எழுதினான். இப்போதும் எப்போதாவது அது வருகின்றதாம். ஆனால் வந்தது எதுவென்று தெரிவதனால், இருந்து போகவிடுகின்றானாம்.

மற்றவள் எமது உறவினரின் மகள். வங்கியொன்றிலே பணி புரிபவள். அவளுக்கும் நெஞ்சு அடித்தது. வைத்தியர் ஒருவர், ‘பதகளிப்பு’ என்றார். சுற்றத்தார், ‘கலியாணம் செய்து வைத்தால் சரியாகும்’ என்றனர். ஆனால் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். மின்விளக்கின் ஆளியைப் போட்டாற் போலத் தொடங்கும். ஆளியை நிறுத்தினாற் போல நிற்கும். மனம் கலங்கிய வேளையென்றில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதும் வரும். இன்னொரு வைத்தியர் இதனைக் கேட்டறிந்து, ‘அடுத்த முறை வரும்போது, நிற்குமுன் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சீ.ஜீ. எடு, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்’ என்றார். அவ்வாறே செய்தாள். நிமிடத்திற்கு 190 என்று தாள் சொல்லிற்று. கொழும்பிலே அந்த மேலதிகப் பாதையைச் சுட்டு மூடினார்கள். அன்று தொட்டு அவளுக்கு அத்தொல்லை இல்லை.

இருவரும் முதலிற் கேட்ட சொல் ஒன்றே என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

உள்ளே நடப்பது யாது?

அச்சம் உண்டாகும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலினைக் குருதியிற் கலக்கின்றன. ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்துவது அதன் வேலை. இருதயம் விரைகின்றது; மூச்சு விரைகின்றது; தசைகள் இறுகுகின்றன; உள்ளங்கை வியர்க்கின்றது. நாய் துரத்தும்போது இது நன்மை. படுக்கையிற் கிடப்பவனுக்கு இது வரும்போதோ ஓடுவதற்கு இடமில்லை, நாயுமில்லை. ஆகவே மனம், ‘இருதயத்திலேதான் ஏதோ பிழை’ என்று முடிவு கட்டுகின்றது. மூச்சு மிக விரைந்தால் குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு குறைகின்றது. அதனால் விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் விறைப்பும் தலைச்சுற்றும் தோன்றுகின்றன. நெஞ்சுத் தசைகள் ஓயாது உழைத்து நோகின்றன. பீதித் தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுள் உச்சம் எய்திப் பின்னர் தணியும்.

ஆனால், அச்சம் ஒன்றையே காரணமாகக் கொள்ளுதல் தவறு. குருதிச் சோகையுள்ளவர்க்கு நெஞ்சு விரைந்து அடிக்கும். தைரொயிட் சுரப்பி மிகைபடத் தொழிற்பட்டாலும் படபடப்பும் கைந்நடுக்கமும் மெலிவும் உண்டாகும். சிறு வயதிலே தொண்டை நோவின் பின் வரும் வாதக் காய்ச்சல் இருதய வால்வுகளைக் கெடுத்து, இளமையிலே மூச்சுவாங்கலாக வெளிப்படலாம். டெங்கு முதலிய வைரசுக் காய்ச்சல்கள் சில வேளை இருதயத் தசையையே தாக்கும். படுத்திருந்து எழுந்து நின்றவுடன் நாடி நிமிடத்திற்கு 30க்கு மேல் ஏறி, அப்படியே நின்று, தலைசுற்றச் செய்யும் நிலையொன்றை 1993இல் வைத்தியர்கள் வரையறுத்தனர். நெஞ்சு விலா எலும்பு சேரும் குருத்திலே அழற்சி உண்டானால் விரலால் அழுத்தும் இடத்திலே நோகும். இரைப்பை அமிலம் மேலெழுந்தாலும் நெஞ்சு எரியும். கடுஞ் சாயத் தேநீர், கோப்பி, உற்சாக பானங்கள், சிகரெட், பாக்கு ஆகியனவும் நெஞ்சைத் துடிக்கச் செய்யும். இவற்றுட் பலவற்றை ஒரு சில எளிய பரிசோதனைகளாலேயே அறியலாம்.

சாதாரண ஈ.சீ.ஜீ. ஏறத்தாழ 10 வினாடிகளை மாத்திரமே பதிகின்றது. ஒரு நாளிலோ 86,400 வினாடிகள் உள. அப்பத்து வினாடிகளிலே பிழை தோன்றாமையால் எஞ்சியவற்றிலும் தோன்றவில்லை என்று துணிதல் எவ்வாறு? இக்குறையைப் போக்கவே நோர்மன் ஹோல்ட்டர் என்னும் அமெரிக்கர், உடலோடு கொண்டு திரியத்தக்க பதிகருவியை அமைத்து 1961இல் அதனை விவரித்தார். நாள் முழுவதும் இருதயத்தைப் பதியும் அக்கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எல்லோர்க்கும் அது வேண்டியதில்லை. வேண்டியவர்க்கு அதனைச் செய்யாது விடுதலும் ஆகாது.

எப்போது தாமதித்தல் கூடாது?

ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுதல், உழைக்கும்போது தோன்றி ஓய்ந்தால் நீங்கும் நெஞ்சுநோ, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையோடு நீடிக்கும் நோ, காய்ச்சலை அடுத்து வரும் நெஞ்சுநோவும் மூச்சுவாங்கலும், ஒரு கால் மாத்திரம் வீங்கியிருக்கத் திடீரென வரும் மூச்சுத்திணறல், இருமலோடு இரத்தம், திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் மிகு வேகத் துடிப்பு: இவை காணப்படின், ‘இளம் பிள்ளைதானே’ என்று இருந்துவிடலாகாது. குடும்பத்திலே எவரேனும் இளவயதில் காரணமின்றித் திடீரென இறந்திருப்பின் அதனை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். 1958இல் டொனால்ட் ரியர் என்னும் இலண்டன் வைத்தியர், இருதயத் தசை ஒருபுறம் தடித்திருந்த இளவயதினர் 8 பேரைப் பற்றி எழுதினார். அவருட் பெரும்பாலோர் திடீரென இறந்தவர்கள். அத்தடிப்பு குடும்பவழி வருவது. இன்று கழியொலி கொண்டு எடுக்கும் இருதயப் படத்திலே அதனை நோவின்றிக் காணலாம்.

நோ கடுமையாயின் வாடகை வாகனம் தேடி அலையாமல் 1990 என்ற இலக்கத்தை அழைத்தல் வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்கிற்கும் விரிந்த அந்த அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றிக் கிடைப்பது. அழைத்துவிட்டு, வந்தது பீதிதான் என்று பின்னர் தெரிந்தால் அதிலே நாணுவதற்கு எதுவுமில்லை.

நான்கு கூறு

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் ஈற்றிலே, வைத்தியம் என்பது நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என நால்வகைப்படும் என்று வகுத்தார். எமது விடயத்திற்கு இவ்வகுப்பு மிகப் பொருந்தும்.

நோயுற்ற பிள்ளை செய்யவேண்டியது யாது? நெஞ்சு அடிக்கும்போது மணிக்கட்டிலே விரல் வைத்து 30 வினாடிகளுக்கு நாடியை எண்ணி இரட்டித்து எழுதுக. எத்தனை மணிக்கு வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, மெல்ல ஏறியதா சட்டென்று தொடங்கியதா, எவ்வளவு நேரம் நின்றது, அன்று என்ன உண்டது, எவ்வளவு உறங்கியது என்பனவற்றையும் ஒரு கொப்பியிலே குறித்துக்கொள்க. வேறு நோய்க்கு உட்கொள்ளும் மருந்துகளையும் மறையாது கூறுக. தடிமன் மாத்திரைகள் சிலவும் இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தும் நெஞ்சைத் துடிக்கச் செய்வதுண்டு. அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்துதலும் கூடாது. எழுதிய ஒரு பக்கம், பதறிச் சொல்லும் நூறு வார்த்தைகளிலும் வைத்தியர்க்குப் பயன்படும்.

தீர்ப்பவரை நோக்கிக் கேட்க வேண்டியனவும் உள. எமது அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவிலே ஒரு வைத்தியர் காலையில் எத்தனை பேரைப் பார்க்கின்றார் என்பதை அறியாதாரில்லை. ஆயினும், ‘ஒன்றுமில்லை’ என்பதனிடத்தில், ‘இன்னின்ன நோய்கள் இல்லையென்று கண்டோம், உமது வருத்தம் உண்மை, அது இவ்வாறு உண்டாகின்றது, இதற்குச் செய்ய வேண்டியது இது’ என்று கூறுதற்கு இரண்டு நிமிடமே மிகுதியாகச் செல்லும். அவ்விரண்டு நிமிடம் பத்து வீண் வருகைகளைத் தடுக்கும்.

மருந்தென்பது குளிகை ஒன்றே அன்று. பீதி நோய்க்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியே திருத்தும் பேச்சுச் சிகிச்சை நற்பயன் தருவது என்று நன்கு நிறுவப்பட்டுள்ளது; வேண்டியவர்க்கு மாத்திரைகளும் உண்டு. மூச்சை மெல்ல உள்ளெடுத்து, அதனிலும் மெல்ல வெளிவிடுதல் தாக்கத்தைத் தணிக்கும். கடதாசிப் பைக்குள் மூச்சுவிடச் செய்யும் பழைய முறையை இப்போது தவிர்க்கின்றனர். இழுப்போ இருதய நோயோ உள்ளவர்க்கு அது கேடாகலாம். லூயிஸ் கண்டவாறு, வைத்தியர் தடையில்லை என்று கூறிய பின் சிறிது சிறிதாக நடந்து பழகுதலும் மருந்தே. உளமருத்துவரிடம் போதல் ‘பைத்தியம்’ என்ற முத்திரைக்கு இடம் தருமென்று அஞ்சுவோர் எம்மிடையே இன்னும் உளர். பல்லுக்குப் பல் வைத்தியரிடம் போதல் போன்றதே இதுவும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

நான்காவது கூறு அருகிருப்போர். அஃதாவது பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஆசிரியர்களாகிய நாமும். ‘நடிக்கிறாய்’ என்று ஒருபோதும் சொல்லலாகாது. மறுபுறத்திலே, ஒவ்வொரு துடிப்புக்கும் பதறி, வாரத்துக்கொரு வைத்தியரென்று ஊரூராகக் கொண்டு திரிதலும் நன்றன்று. ஒவ்வொரு புதிய சோதனையும், ‘இன்னும் எதையோ தேடுகின்றார்கள்’ என்ற அச்சத்தையே பிள்ளைக்கு ஊட்டும். நன்கு ஆராய்ந்த ஒரு வைத்தியரைப் பற்றிக்கொண்டு, குறி மாறினால் மாத்திரம் மீண்டும் ஆராயச் செய்வதே தக்கது. பரீட்சைப் பெறுபேறு, வேலையின்மை, வெளிநாட்டுக்குப் பிரிந்த தந்தை, சொல்லப்படாத துயரம் எனப் பிள்ளையின் நெஞ்சிலே என்ன பாரம் உளது என்று ஒருநாள் ஆறுதலாக இருந்து கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

ஆகவே, வைத்தியசாலையிலிருந்து பிள்ளையோடு திரும்பும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. ‘ஒன்றுமில்லை’ என்று வைத்தியர் கூறினால் நன்றி சொல்லி உடனே எழுந்துவிடாதீர்கள். ‘ஐயா, இருதயத்திலே ஒன்றுமில்லை என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அப்படியானால் இந்தப் பிள்ளைக்கு இருப்பது என்ன? அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று பணிவோடு கேளுங்கள். அருகே அமர்ந்திருக்கும் பிள்ளை அந்த வினாவைக் கேட்கட்டும். தன் சொல்லை வீட்டார் நம்புகின்றனர் என்பது அதற்கு அப்போதே தெரியும்.